புது மனையின் மண்ணைத் திருத்துதல்

(சிங்கப்பெருமாள் கோவிலில் கூடிய அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வி நிதியைப் பற்றியும் விவாகச் செலவைக் குறைப்பதைப் பற்றியும் நமது கூட்டங்களில் அடிக்கடி பேசப்பட்டு வருகிறது. அவை அவசியமான விஷயங்களே. இன்று எனக்கு அளிக்கப்பட்ட விஷயமோ மண். மண்ணைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் கூட்டம் முடிந்து போகும்போது தத்தம் வீட்டுக் கொல்லைப்புறத்தை ஒரு முறை உற்றுப் பார்ப்பார்களாக.

தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று இருப்புப்பாதையை ஒட்டித் தெற்கே தெற்கே நகர்ந்து, நம்மவர் அநேகர் அரைக் கிரவுண்டோ ஒரு கிரவுண்டோ மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வருகிறார்கள். வீடு போகப் பின்புறத்தில் ஒரு செண்டோ இரண்டு செண்டோ மிஞ்சுகிறது. அதில் நாலு வெண்டையும் கத்தரியும் ஒரு பாத்தி கீரையும் போட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. முதல் வருஷம் விதை போடுகிறார்கள். முளைத்த செடி நாலு அங்குலம் எழும்பி, மஞ்சளித்து, அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டாம் வருஷம் லாரியில் செம்மண் வாங்கிக் கொட்டுகிறார்கள். ஐப்பசி மழை அடித்து ஓய்ந்தபின் அதுவும் மேடை போல் இறுகிவிடுகிறது. மூன்றாம் வருஷம் மனம் சலித்து, சிமெண்டுத் தளம் போட்டு மூடி, அதன்மேல் இரண்டு தொட்டிச் செடிகளை வைத்துவிடுகிறார்கள். இந்த ஊரில் நான் போய்ப் பார்த்த நம்மவர் வீடுகளில் பல இந்த மூன்றாம் வருஷத்து நிலையிலேயே இருக்கின்றன.

இது சிறிய நஷ்டம் என்று நினைக்கவேண்டாம். பாட்டனார் காலத்து நிலம் பாகம் பிரிந்தும், கடனுக்குப் போயும், விற்றும் தீர்ந்த குடும்பங்கள் நம்மில் பல. அத்தகைய குடும்பத்துக்கு நிலம் என்று கைகாட்ட எஞ்சியிருப்பது இந்த ஒரு செண்டுதான். வயலையே காணாமல் வளரும் நம் குழந்தைகள், விதை முளைப்பதைக் கண்ணாற் காணக்கூடிய ஒரே இடமும் அதுதான். அதையும் சிமெண்டால் மூடிவிட்டால் மழைநீர் கிணற்றுக்கு இறங்கவும் வழியில்லை; தெருவுக்கு ஓடி அடுத்த வீட்டு வாசலில் நிற்கும்.

ஒரு செண்டில் என்ன விளையும் என்று கேட்பவருக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்து தேசத்தில் நகரவாசிகளுக்குக் காய்கறி பயிரிடச் சிறு சிறு துண்டாக நிலம் பிரித்துக் குறைந்த வாடகைக்கு விடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அலாட்மெண்டு என்று அதற்குப் பெயர். 1908-ம் வருஷத்துச் சட்டம் அதை ஊராட்சிகளின் கடமையாகவே ஆக்கிற்று. அங்கே ஒரு குடும்பத்துக்கு வழக்கமாக விடப்படும் துண்டின் பரப்பு ஏறத்தாழ 2,720 சதுர அடி. நமது கிரவுண்டாகிய 2,400 சதுர அடியைவிடச் சற்றே அதிகம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெளிநாட்டு உணவுக் கப்பல்கள் வருவது தடைப்பட்டபோது, இத்தகைய துண்டுகள் ஏறத்தாழ 14 லட்சம் அங்கே பயிராயின. ஆகவே சிறு நிலம் என்பது இகழத்தக்கதன்று. மண் மட்டும் நமக்கு இசையவேண்டும்.

இனி, இவ்வூர் மண் எத்தகையது என்று பார்ப்போம். நமது பெருமாள் எழுந்தருளியிருக்கும் குன்றுக்குப் பாடலாத்ரி என்று பெயர். பாடலம் என்றால் சிவப்பு. அத்ரி என்றால் மலை. செம்மலை என்று ஊரே தன் மண்ணின் நிறத்தைப் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறது. இங்கிருந்து சில மைல் தெற்கே உள்ள செங்கற்பட்டோ, செங்கழுநீர்ப் பூவின் பெயரால் செங்கழுநீர்ப்பட்டு என வழங்கிய ஊர் என்பார்கள்; அது நீரும் ஏரியும் சேறும் உள்ள பூமி. செம்மலைக்கும் செங்கழுநீருக்கும் இடையில்தான் நம் மனைகள் இருக்கின்றன. குன்றை ஒட்டிய மேட்டு மனைகளில் சரளைக் கல் கலந்த செம்மண். ஏரிப் பாசனத்தில் இருந்து பின்னால் மனையாக மாறிய தாழ்ந்த இடங்களில், பல தலைமுறை சேற்றுழவு கண்ட களிமண். இந்த வட்டாரத்துப் பாறைக்குச் சார்னகைட்டு என்று பெயர். பல்லாவரத்துப் பக்கத்துக் கல்லை ஆராய்ந்து, 1893-ல் ஹாலண்டு என்ற பூமிநூல் வல்லுநர் அப்பெயரை இட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரது கல்லறையில் இதே வகைக் கல் இருந்ததே பெயருக்குக் காரணம். உலகெங்கும் உள்ள பூமிநூல் மாணாக்கர் நம் பல்லாவரத்துக் கல்லின் பெயரைப் படிக்கிறார்கள். நாமோ அது ஜல்லியாகப் போவதை மட்டும் பார்க்கிறோம். இப்பாறை பொடிந்து உண்டாகும் செம்மண்ணின் சிவப்பு, இரும்புத் துரு. அதில் இரும்புக்குக் குறைவில்லை. மக்குப் பொருளுக்குத்தான் குறைவு.

ஆனால் உங்கள் கொல்லையில் இப்பொழுது மேலே இருப்பது இவ்விரண்டு மண்ணும் அல்ல என்பதை நினைவில் வைக்கவேண்டும். மனை பிரித்தவர் வயலைத் தூர்க்க இரண்டடி மூன்றடி சவுடும் கிராவலும் கொட்டி, ரோலர் ஓட்டி அமுக்கியிருக்கிறார். விற்கும்போது செழிப்பான பூமி என்று சொல்லியுமிருப்பார். அதன்மேல் வீடு கட்டிய மேஸ்திரி உடைந்த செங்கல், கலவைச் சாந்து, எம்-சாண்டு மிச்சம், ஓட்டுத் துண்டு எல்லாவற்றையும் பின்புறத்தில் தள்ளி, மேலாக அரையடி மண் பரப்பிச் சமன் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அடியில் நல்ல வயல் மண் உறங்குகிறது. மேலே உள்ளது கட்டடத்துக்கு ஏற்ற மண், செடிக்கு ஏற்றதன்று. கட்டட மண்ணுக்கு இலக்கணம் நீர் புகாமல் இறுகுவது. பயிர் மண்ணுக்கு இலக்கணம் நீரும் காற்றும் வேரும் புகுவது. இரண்டும் நேர் எதிர்.

ஆகையால் மண்வெட்டியைத் தொடுமுன் மூன்று பரீட்சை செய்து பாருங்கள். செலவில்லை; பிள்ளைகளையே செய்யச் சொல்லலாம். முதலாவது: கண்ணாடிப் போத்தல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி அசையாமல் வைக்கவும். ஓரிரு நிமிஷத்தில் அடியில் தங்குவது மணல். சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள் வரை கலங்கலாக நின்று மெல்லப் படிவது களி. எது எவ்வளவு என்று கோடு போட்டாற்போல் தெரியும். இரண்டாவது: ஓரடி ஆழத்துக்குக் குழி எடுத்து நீர் நிரப்பி, அது வடிந்தபின் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் மறுநாட் காலையிலும் நிற்குமானால், அடியில் இறுகிய தளம் இருக்கிறது. வேர் அங்கே அழுகும். மூன்றாவது: நாலைந்து இடத்து மண்ணில் சமையலுக்கு உபயோகிக்கும் வினிகரைச் சொட்டாக விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்போ சிமெண்டோ கலந்திருக்கிறது. அத்தகைய மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்கு எட்டாது. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதைக் கண்டு பூச்சி மருந்து தெளிப்பவர்களை நான் அறிவேன்.

முறையான பரிசோதனை வேண்டுவோர், பத்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்து ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி அனுப்பவேண்டும். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக் கழகத்தார் நடத்தும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே விசாரித்தால் வழி சொல்வார்கள். பரிசோதனைச் சீட்டில் அங்ககக் கரி என்று ஒரு வரி வரும். அது அரைச் சதவிகிதத்துக்குக் குறைந்தால் குறைவு என்றும், முக்காலுக்கு மேற்பட்டால் நிறைவு என்றும் கொள்வது நம் நாட்டு வழக்கம். மற்ற வரிகளைவிட இந்த ஒரு வரியைக் கவனியுங்கள். நான் இன்று சொல்ல வந்ததெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

மண் வாங்காதீர்கள், உள்ள மண்ணைத் திருத்துங்கள். இதுவே என் வேண்டுகோள். ஏன் என்று சொல்கிறேன். லாரியில் வரும் செம்மண் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு குன்றையோ, ஏரிக்கரையையோ, மாமண்டூர், மதுராந்தகம் பக்கத்து யாரோ ஒரு குடியானவன் நிலத்தின் மேற்பரப்பையோ சுரண்டித்தான் வருகிறது. நம் கொல்லையில் கீரை முளைக்க இன்னொருவன் வயல் மலடாக வேண்டியதில்லை. அதற்குமேல், வந்த மண்ணும் மக்குப் பொருள் இல்லாத மண்ணே. நோயாளிக்குப் பக்கத்தில் இன்னொரு நோயாளியைப் படுக்க வைப்பதால் முதல் நோயாளி குணமாவதில்லை.

திருத்துவது என்றால் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு செண்டு நிலத்தில் அரையடி ஆழ மண்ணின் எடை ஏறத்தாழ 9 டன், அதாவது 9,000 கிலோ. அதில் மக்குப் பொருளை ஒரு சதவிகிதம் உயர்த்தவேண்டுமானால் 90 கிலோ நிலையாக மண்ணில் தங்கவேண்டும். ஒரு மூட்டை எருவில் பாதிக்கு மேல் ஈரமும் மண்ணும் சாம்பலும். மிச்சத்திலும் பெரும்பகுதியை நமது சித்திரை வெயில் எரித்துவிடும். குளிர்ந்த தேசங்களில் ஒரு முறை இட்ட எரு நெடுநாள் நிற்கும். நம் சீதோஷ்ணத்தில் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் ஓயாமல் தின்றுகொண்டே இருக்கின்றன. ஆகையால் நாமும் ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்ற பழமொழி இந்தக் கணக்கை அறிந்தவர் சொன்னதே.

இதனால் இன்னொன்றும் விளங்கும். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் முதலிய கரைசல்களை ஒரு டம்ளர் தெளித்துவிட்டு மண் திருந்திவிடும் என்று இருப்பவர்கள், 9,000 கிலோவுக்கு முன் ஒரு டம்ளர் எம்மாத்திரம் என்று யோசிக்கவேண்டும். அவை தின்ன இரை உள்ள மண்ணில் உயிர்களைத் தூண்டுமே தவிர, இரைக்குப் பதிலாக மாட்டா. அவ்வாறே யூரியாவை விஷம் என்று தூற்றுவதும் மிகை. வெளிறிய செடிக்கு ஒரு சிட்டிகை போட்டால் பாபம் வந்துவிடாது. ஆனால் அது செடிக்குத் தரும் கஞ்சி. மண்ணுக்குத் தரும் உணவன்று.

மண்ணுக்கு உணவு எங்கே கிடைக்கும் என்று நாம் தேடிப் போகவேண்டியதில்லை. அது தினந்தோறும் நம் வீட்டிலிருந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறது. காய்கறித் தோல், வாழையிலை, தேயிலை வடிசல், பூசைப் பூ, வாசலில் பெருக்கிய வேப்பஞ்சருகு எல்லாம் அதுவே. சருகைக் குவித்துக் கொளுத்தும் வழக்கம் இந்த ஊரில் இன்னும் போகவில்லை. கொளுத்தினால் கரியும் தழைச்சத்தும் புகையாய்ப் போய், சிறிது சாம்பற்சத்தும் சுண்ணாம்பும் மிஞ்சும். ஒரு வருஷத்துச் சருகைக் கொளுத்திவிட்டு மண் வாங்க லாரிக்குச் சொல்லி அனுப்புவதை என்னவென்று சொல்வது!

1889-ல் நமது தேசத்து விவசாயத்தை ஆராய வெள்ளைக்காரச் சர்க்கார் வோல்க்கர் என்னும் ரசாயன நிபுணரை அனுப்பினார்கள். நம் குடியானவன் அறிவிலி என்று சொல்லுவார் என எதிர்பார்த்தவர்களுக்கு அவர் 1893-ல் வெளியிட்ட அறிக்கை ஏமாற்றமளித்தது. உழவனுடைய திறமையை அவர் மெச்சினார். சாணம் எருவாகாமல் விறகில்லாக் குறையால் வரட்டியாக அடுப்பில் எரிவதையே பெருங் குறையாக எடுத்துக் காட்டினார். இதற்கு முன்பே, 1860-களில், சைதாப்பேட்டையில் சர்க்கார் ஒரு பரிசோதனைப் பண்ணை தொடங்கி, இங்கிலாந்திலிருந்து தருவித்த கலப்பைகளை ஓட்டிப் பார்த்தார்கள். சைதாப்பேட்டையில் தோன்றிய விவசாயப் பள்ளிக்கூடமே 1906-ல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து இன்றைய வேளாண்மைப் பல்கலைக் கழகத்துக்கு மூலமாயிற்று. முதலில் கருவி, பிறகுதான் மண் என்ற கிரமத்தில் ஆரம்பித்த காரியம் அது. உழுவதைக் காட்டிலும் எரு இடுவது மேல் என்ற கருத்தைத் திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில் வைத்துப் போயிருக்கிறார். சைதாப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் அதிக தூரமில்லை.

பிறகு வந்தவர் ஆல்பர்ட் ஹோவர்டு. 1905-ல் இந்தியாவுக்கு வந்த அவர், நம் உழவர்களையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையுமே தமக்கு ஆசிரியர்கள் என்று கொண்டார். 1924 முதல் இந்தோரில் இருந்து, யஷ்வந்த் வாட் என்னும் நம் நாட்டு ரசாயன நிபுணருடன் சேர்ந்து, பண்ணைக் குப்பையை எருவாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1931-ல் இருவர் பெயராலும் வெளிவந்த புத்தகத்தால் இந்தோர் முறை உலகம் முழுதும் பரவிற்று. அதன் சாரம் இதுதான்: உலர்ந்தது ஓரடுக்கு, பச்சை ஓரடுக்கு, சாணம் கொஞ்சம், மண்ணும் சாம்பலும் ஒரு பிடி, பிழிந்த துணி போன்ற ஈரம், காற்றுப் புகுவதற்காக இடையிடையே புரட்டிப் போடுதல். மூன்று மாதத்தில் மண்வாசனை உள்ள கறுப்பு எரு கிடைக்கும். துர்நாற்றம் அடித்தால் ஈரம் மிகுதி, காற்று குறைவு. சருகு சேர்த்துப் புரட்டுக. எறும்பு குடியேறினால் ஈரம் போதாது, நீர் தெளிக்க. இவ்விரண்டு வாக்கியம் தெரிந்தால் எருக் குவியலை யாரும் நடத்தலாம். நம் ஊர்ப் பாட்டிகள் கொல்லையில் வைத்திருந்த எருக்குழி இதற்கு முந்தியது. ஆனால் அது புரட்டப்படாமல் கிடந்தது. இவ்வூரில் ஐப்பசி, கார்த்திகையில் குழி கூடாது. நீர் நிறைந்து அழுகும். தரைக்கு மேலே குவியலாகவே வைத்து, கீற்றால் மூடுங்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நம்மவர் வீடுகளில் எருவைக் கையால் தொட மனம் கூசுகிறது. ஆள் கிடைத்தால் செய்யலாம் என்கிறார்கள். ஏர் பிடித்த கையின் பேரர்கள் மண்வெட்டி பிடித்தால் அண்டை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று தயங்குகிறார்கள். அழுக்கென்று நாம் ஒதுக்கிய வேலையை நெடுங்காலம் பிறர் தலையில் சுமத்தி, சுமந்தவர்களையும் ஒதுக்கிய சமூகத்தில் நாமும் இருந்தோம். அந்தப் பழியில் நமக்குப் பங்கில்லை என்று கையை உதறிவிட முடியாது. கிங் என்னும் அமெரிக்க மண்ணூல் பேராசிரியர் 1909-ல் சீனம், கொரியா, ஜப்பான் தேசங்களில் சுற்றிப் பார்த்தார். பல நூற்றாண்டு பயிரிட்டும் அந்நிலங்கள் சாரமற்றுப் போகாததன் காரணம், அங்கே கழிவு ஒன்றையும் வீணாக்காமல் நிலத்துக்கே திருப்பிக் கொடுப்பதுதான் என்று கண்டு எழுதினார். அதை அவர்கள் இழிவாக எண்ணவில்லை. நம் வீட்டு எருக்குவியலை நம் வீட்டு ஆண்பிள்ளைகளே புரட்டட்டும். அடுக்களை வேலையோடு இதையும் தாய்மார் தலையில் ஏற்றிவிட வேண்டாம்.

இனிக் காலக்கிரமம். வைகாசி, ஆனியில் இடிபாட்டைக் களையுங்கள். கைக்கு அகப்படும் செங்கலும் சாந்துக் கட்டியும் முழுதும் போகவேண்டும்; கூழாங்கல் இருந்தால் பாதகமில்லை. கோடை மழை ஒன்று பெய்து மண் நனைந்தபின், கடப்பாரையால் ஓரடி ஆழத்துக்கு ஒரு முறை நெம்பி இளக்குங்கள். கீழ்மண்ணை மேலே புரட்டவேண்டாம், இளக்கினாற் போதும். ஈரத்தின் பதத்தை அறிய, ஒரு பிடி மண்ணை உருட்டித் தட்டிப் பாருங்கள். தட்டினால் உதிரவேண்டும், பிசைந்த மாவுபோல் ஒட்டுமானால் இரண்டு நாள் பொறுங்கள். சேற்றில் மிதித்த களிமண் காய்ந்தால் கல்.

ஆடி பிறந்ததும் எல்லோரும் காய்கறி விதை தேடுவார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. நீங்களும் விதையுங்கள், ஆனால் இந்த முதல் ஆடியில் விதைக்கவேண்டியது தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ என்பது அளவு. ஆகவே ஒரு செண்டுக்கு 200 கிராம். இரவில் ஊறவைத்துக் காலையில் தூவி, மெல்லக் கிளறிவிடுங்கள். இது உவரையும் தாங்கும், நீர் தேங்குவதையும் தாங்கும். ஆணிவேர் இறுகிய மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கும். வேர்முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். சரளை மேட்டு மனைக்குச் சணப்பையும் கொளுஞ்சியும் பொருந்தும். ஏறத்தாழ 45 நாளில், பூ எடுக்கத் தொடங்கும் சமயம், அறுத்து நறுக்கி மேல்மண்ணோடு நாலைந்து அங்குலம் கலந்துவிடவேண்டும். நன்றாக வளர்ந்தால் செண்டுக்கு 80 முதல் 100 கிலோ வரை பசுந்தழை கிடைக்கும். அதைத் தலையில் சுமந்து வரவேண்டியதில்லை, வண்டிக்கூலியுமில்லை. பூத்துக் காய்க்க விட்டால் தண்டு நாராகி மக்கத் தாமதமாகும். பூ அழகாயிருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

தழை மக்க மூன்று வாரம். புரட்டாசியில் நன்றாக மக்கிய தொழு உரம் செண்டுக்கு 100 கிலோ வரை இட்டு, நாலடி அகலத்தில் பாத்தியை அரையடிக்கு மேல் உயர்த்தி அமைத்து, இடையில் ஒன்றரையடி நடைபாதை விடுங்கள். நடைபாதையில் மட்டும் நடக்கவேண்டும், பாத்தியில் மிதிக்கலாகாது. குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள். அடியில் இறுகிய வயல் மண் உள்ள மனைகளில் உயர்ந்த பாத்தி இல்லாவிடில் ஒன்றும் பலிக்காது. மழைக்கு முன் பாத்தி முழுவதையும் வைக்கோலாலும் சருகாலும் நாலு அங்குலத்துக்கு மூடிவிடுங்கள். நமது மழை தூறலாக வருவதில்லை. 2015-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதியை ஒட்டித் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததை மறந்தவர் இங்கே யாரும் இருக்கமாட்டார்கள். மூடாத மண்ணில் அத்தகைய மழைத்துளி சம்மட்டிபோல் அடித்து, நுண்மண்ணைக் கரைத்துச் சாக்கடைக்குக் கொண்டுபோய், மிச்சத்தை ஓடுபோல் இறுக்கிவிடும். ஆறு மாதப் பாடு ஓர் இரவில் போகும்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. மூடாக்கின் கீழே மண்புழு வேலை செய்யும். டார்வின் என்ற பேரறிஞர் தமது கடைசி நூலை 1881-ல் மண்புழுவைப் பற்றியே எழுதினார். நம் சென்னைப் புதுக்கல்லூரியில் பேராசிரியராயிருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் அவர்கள் நம் நாட்டு மண்புழு இனங்களையே ஆராய்ந்து, உள்ளூர்ப் புழுவே போதும் என்று எடுத்துக் காட்டியவர். ஆகவே புழுவை விலைக்கு வாங்கவேண்டாம். ஈரமும் நிழலும் இரையும் இருந்தால் அது தானே வரும்.

ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய சில விஷயங்கள் உண்டு. பச்சைச் சாணத்தை அப்படியே இடாதீர்கள். களை விதையும், தென்னைக்குப் பகையான காண்டாமிருக வண்டின் புழுவும் அதனோடு வரும். தச்சுப் பட்டறை மரத்தூளை மண்ணில் நேராகக் கலந்தால், அது மக்குவதற்காக மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொண்டு செடியைப் பட்டினி போடும். தென்னை நார்க்கழிவு நல்லதுதான். ஆனால் உப்பு நீங்க இரண்டு முறை ஊறவைத்து வடித்தபின் உபயோகிக்கவும். களிமண்ணை இளக்குவதற்கு மணல் கொட்டுகிறார்கள். கொஞ்சம் மணல் கலந்த களி செங்கலாகவே இறுகும். பயன்பட வேண்டுமானால் பாதிக்குப் பாதி வேண்டும், அதற்குப் பணமும் இல்லை, மணலும் இல்லை. ஜிப்சம் களர் மண்ணுக்கு மருந்து. பரிசோதனை சொன்னாலொழியப் போடவேண்டாம். ஏரி வண்டல் சரளைச் செம்மண்ணுக்கு அமிர்தம். களிமண் மனைக்கு வேண்டியதில்லை. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் தாசில்தாரிடமே அனுமதி பெற்று இலவசமாக வண்டல் எடுக்க 2024-ல் சர்க்கார் வழி செய்திருக்கிறார்கள். வீட்டுக் கொல்லைக்காரர் அதன்கீழ் வருவாரா என்பதைக் கிராம நிர்வாக அதிகாரியைக் கேட்டபின் கூடையை எடுங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். குடிநீர் சுத்திகரிக்கும் யந்திரத்திலிருந்து வெளியேறும் நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். நீரில் உள்ள உப்பைத் திரட்டி ஒதுக்குவதுதான் அந்த யந்திரத்தின் தொழில். ஒதுக்கிய நீரை ஊற்றினால் ஒரு கோடைக்குள் பாத்தி மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். தரை கழுவ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் வாயில் கரித்தால், மழைநீரைத் தொட்டியில் பிடித்து நாற்றுகளுக்காவது கொடுங்கள்.

மார்கழி முதல் வாரத்தில் கத்தரி, மிளகாய், தக்காளி விதைகளை நாற்றாங்காலில் போடுங்கள். தை பிறந்ததும் மூடாக்கை விலக்கி, விலக்கிய இடத்தில் மட்டும் நட்டு, மறுபடி மூடுங்கள். வெண்டையும் கொத்தவரையும் நேராக ஊன்றலாம். அரைக்கீரையும் தண்டுக்கீரையும் ஒரு பாத்தி போடுங்கள். முதலில் சோற்றுக்கு வருவது அவைதான். இந்த முதல் வருஷத்தில் காய் குறைவாகவே இருக்கும். பங்குனி கடைசியில் காய்த்து ஓய்ந்த வெண்டைச் செடி ஒன்றை மண்வெட்டியால் சுற்றி வெட்டி வேரோடு எடுத்துப் பாருங்கள். ஆணிவேர் ஓரடிக்குக் கீழே நேராக இறங்கியிருந்தால், வருகிற ஆடியில் பாதிப் பாத்திக்கு மட்டும் தக்கைப்பூண்டு விதைத்து, மற்றப் பாதியில் காய்கறி போடலாம். வேர் அரையடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால், கடப்பாரையை மறுபடி எடுத்து, இன்னும் ஒரு வருஷம் முழு நிலத்துக்கும் 200 கிராம் கணக்கிலேயே விதையுங்கள்.